டீச்சர் பதில்கள்: தோழி பந்தை விட்டால் முறைக்கிறாள்

டீச்சர், என் மகள் படிவம் 3. பள்ளி பூப்பந்து அணியில் இரட்டையர் ஆடுகிறாள். நன்றாக ஆடுவாள். ஆனால் கூட ஆடும் பிள்ளை ஒரு பந்தை விட்டுவிட்டால் போதும், இடுப்பில் கைவைத்து முறைப்பாள். போன ஆட்டம் தோற்றதும் அவளுக்குக் கைகூடக் கொடுக்காமல் வந்துவிட்டாள். ஒற்றையருக்கு மாற்றிவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

இப்போதைக்கு வேண்டாம்மா. ஒற்றையர் பிடித்துப்போய் அவளாகக் கேட்டால் அது வேறு. கூட ஆடுபவளைப் பொறுக்க முடியாமல் அங்கே போகக் கூடாது. போனாலும் அணி அவளை விடாது. 1992-ல் கோலாலம்பூரில் நம் மலேசிய அணி இந்தோனேசியாவை 3-2 என வென்று, ஆண்கள் அணிகளுக்கான உலகப் பூப்பந்துக் கிண்ணமான தாமஸ் கிண்ணத்தை எடுத்ததே, அந்த இறுதிச் சுற்றில் மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர் ஆட்டங்கள். ஒற்றையர் ஆடிய ரஷிட் சிடேக் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் அவர் கையில் இருந்தது அந்த ஐந்து ஆட்டங்களில் ஒன்றுதான்.

முறைப்புக்கு வருகிறேன். பினாங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த காலமெல்லாம் நான் கண்டது இது: முறைக்கப்பட்ட பிள்ளையின் ஆட்டமே மாறிவிடும். தப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆடுவாள். நெட்டருகே பாய்ந்து அடித்து முடிக்க வேண்டிய பந்தை, எதற்கு வம்பு என்று உயரத் தூக்கிக் கொடுப்பாள். தூக்கிய பந்தை எதிரணி சும்மா விடுமா? ஸ்மாஷ் வரும். பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்கக் காத்திருந்த உங்கள் மகளும் ஓடிவந்து பக்கத்தில் நின்று தடுக்க வேண்டியதுதான். நடுவில் வருகிற பந்துக்கு இரண்டு பேருமே போகமாட்டார்கள், ஏனென்றால் "உனக்கு" என்று கத்த அந்தப் பிள்ளைக்கு வாய் வராது. எதிரணிக்குக் கண் இருக்கிறதல்லவா, தளர்ந்துபோனவள் யார் என்று தெரிந்ததும் எல்லாப் பந்தையும் அவளிடமே அனுப்புவார்கள்.

ஆகவே ஆட்டம் தொடங்குமுன் நடுப்பந்து யாருக்கு என்று இருவரும் பேசி முடிவு செய்யட்டும். புள்ளி போனதும் முதலில் தோழி பக்கம் திரும்பி ரேக்கட்டைத் தட்டிவிட்டு, "அடுத்தது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கே தப்பு என்ற ஆராய்ச்சியெல்லாம் பயிற்சியில் வைத்துக்கொள்ளலாம். தப்பு தன்னுடையதாக இருந்தால் கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். இது மிக முக்கியம்.

நம் மலேசியப் பெண்கள் இரட்டையர் ஆட்டக்காரர்களான எம். தினா, பெர்லி தான் ஆகிய இருவரின் ஆட்டங்களை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், பதக்கம் கைநழுவிப் போனது. அதே இருவர் சேர்ந்து ஆடி 2025 உலகப் போட்டியில் வெள்ளி எடுத்தார்கள். இவர்கள் அடிப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். ஒரு புள்ளி போனபின் என்ன செய்கிறார்கள் என்பதை உங்கள் மகள் பார்க்கட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். காரில் ஏறியதும் "அந்தப் பிள்ளை ஏன் அப்படி விட்டுச்சு?" என்று வீட்டில் யாராவது பேசுகிறீர்களா? பேசினால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் முறைக்கக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். கை கொடுக்காத விஷயத்தில் அவளே போய் மன்னிப்புக் கேட்கட்டும். அவளுக்காக நீங்கள் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு வாட்ஸ்ஆப் அனுப்ப வேண்டாம்.

டீச்சர், நான் பள்ளிக் காற்பந்து அணியில் இரண்டாவது கோல் காவலர். இந்த வருடம் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பயிற்சிக்குப் போவதில் பயன் உண்டா?
– படிவம் 4 மாணவர், செந்தூல்

உண்டு தம்பி. 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில், கோஸ்டா ரிக்காவுக்கு எதிராகக் கூடுதல் நேரமும் முடியப்போகும் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்து தன் கோல் காவலரை மாற்றி டிம் குருலை இறக்கியது. ஆட்டம் சமனாகி, வெற்றியை முடிவு செய்ய அடித்த பெனால்டிகளில் இரண்டை அவர் தடுத்தார், நெதர்லாந்து அரையிறுதிக்குப் போனது. உன் முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை வெளியே உட்கார்ந்திருக்கும்போது எதிரணியில் யார் எந்தக் காலால், எந்தப் பக்கம் அடிக்கிறான் என்று கவனித்து, இடைவேளையில் முதல் கோல் காவலரிடம் சொல். உள்ளே நிற்கும் அவனுக்கு அதையெல்லாம் நிதானமாகப் பார்க்க நேரமிருக்காது.