சுகாதாரக் கணக்கெடுப்பில் சர்க்கரை, பிரஷர் பார்த்தால் போதாதா? வேலைக்குப் போகிறவர்களிடம் பழக்கங்களை ஏன் கேட்கிறார்கள்?

போதாது. அவை ஏறிய பிறகுதான் மெஷினில் தெரியும். புகையிலை, மது, உப்பு, உடலுழைப்புக் குறைவு எல்லாம் பல வருடம் முன்பே வேலையைத் தொடங்கியிருக்கும். அதனால்தான் சர்க்கரை நோய், இதய நோய் போன்றவற்றுக்கான காரணங்களைக் கணக்கெடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறையில் முதலில் கேள்விகள், அப்புறம் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், கடைசியில் இரத்தப் பரிசோதனை.

ஆனால் கேட்கிற விதம் முக்கியம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் "புகைப்பீங்களா?" என்று மட்டும் கேட்டால் பலரும் இல்லை என்பார்கள். வெற்றிலை சீவலோடு புகையிலை போடுவதைத் தனியாகக் கேட்க வேண்டும், பெண்களிடமும்தான். விவசாய வேலை என்றதும் உடலுழைப்பு நிறைய என்று எழுதிக்கொள்வதும் தவறு. நடவுக்கும் அறுப்புக்கும் இப்போது மெஷின் வந்துவிட்டது. வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும். சில வருடம் கழித்து அதே கேள்விகளை மாற்றாமல் மறுபடி கேட்டால்தான் ஒப்பிட முடியும்.