ஹெச்எல்ஏ-பி27 இருந்தால் முதுகுவாதம் வந்தே தீருமா?

கேள்வி: அண்ணனுக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பை இறுக்கும் முதுகுவாதம்). எனக்கும் ஹெச்எல்ஏ-பி27 மரபணு பாசிட்டிவ். ஆனால் வலியே இல்லை. எனக்கும் வருமா?

பதில்: பயப்படாதீர்கள். இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. அண்ணனுக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான்.

45 வயதுக்குள் தொடங்கி 3 மாதம் தாண்டும் முதுகுவலி, விடியற்காலையில் எழுப்பிவிடும் வலி, நடந்தால் தளர்ந்து உட்கார்ந்தால் இறுகும் விறைப்பு, கண் சிவந்து வலிப்பது: இவை வந்தால் வாதநோய் மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருடக்கணக்காகலாம். ஆரம்பத்தில், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டின் (சாக்ரோஇலியாக்) எம்ஆர்ஐதான் காட்டிக்கொடுக்கும்.

ஆசாஸ் (ASAS) என்ற சர்வதேச முதுகுவாத நிபுணர் குழுவின் 2009 வகைப்பாடு, அத்தகைய முதுகுவலியோடு பி27 மட்டும் போதாது, இந்நோயின் இன்னும் 2 அடையாளங்கள் வேண்டும் என்கிறது. அதுவும் ஆய்வுக்காக வகுத்ததே, நோயை உறுதிசெய்ய அல்ல.

பி27 பரிசோதனை ஆயுளுக்கு ஒருமுறை போதும். ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள், மறுசெலவு மிச்சம்.