செயற்கை நுண்ணறிவு மருத்துவரின் முடிவெடுக்கும் திறனுக்கு மாற்றாக வர முடியுமா?

மருத்துவரின் சில வேலைகளை ஏஐ எடுத்துக்கொள்ளும், சிலவற்றை எடுத்தும்விட்டது. ஆனால் நோயாளியிடம் எதைக் கேட்பது, வந்த ரிப்போர்ட்டில் எதை நம்புவது, இந்த ஆளுக்கு இன்றைக்கு எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்ற தீர்மானத்துக்கு அது மாற்றாகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஓபியில் வந்து நிற்கிற நோய்களை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன். வேறு எங்கேயோ பழக்கப்பட்ட மென்பொருள் எந்த இடத்தில் தடுமாறும் என்பது இங்கே நன்றாகத் தெரியும்.

முதலில் அது கெட்டியாக நிற்கும் இடம். 2021-இல் உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் அடையாளத்தைத் தேட, மனிதர் பார்ப்பதற்குப் பதிலாக மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ஸ்வீடனில் சுமார் 80,000 பெண்களை வைத்து நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில், ஏஐ துணையோடு படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை. 2023-இல் வந்த முடிவு இது. எக்ஸ்ரே இருந்தும் அதைப் பார்க்க ரேடியாலஜிஸ்ட் இல்லாத வட்ட மருத்துவமனைகளுக்கு இது பெரிய உதவி. இதை எதிர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் 'பாசிட்டிவ்' என்று மென்பொருள் சொன்ன பிறகுதான் மருத்துவரின் வேலை ஆரம்பிக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும் மென்பொருள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரூர் பக்கம் ஒரு கிராம முகாமில் 1,000 பேருக்கு எக்ஸ்ரே. அவர்களில் 10 பேருக்குக் காசநோய். மென்பொருள் 9 பேரைப் பிடிக்கும். கூடவே நோயில்லாத 99 பேரையும் பிடிக்கும். ஆக, அது கை காட்டிய 108 பேரில் உண்மையான நோயாளி 12-க்கு ஒருவர். அதே மென்பொருளை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று வந்த 100 பேரிடம் வையுங்கள். அவர்களில் 30 பேருக்கு நோய் என்றால், அது கை காட்டும் 34 பேரில் 27 பேர் உண்மையான நோயாளிகள். மென்பொருளும் அதேதான், பதிலும் அதேதான். அர்த்தம் மட்டும் தலைகீழ். யாருடைய சளியைக் காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்புவது, யாருடையது ஆறிப்போன பழைய தழும்பு என்பதை அந்த ஆளோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

படமே சரியாக வராத சிக்கலும் உண்டு. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் பார்க்கும் கூகுளின் மென்பொருளைத் தாய்லாந்து சுகாதார மையங்களில் வைத்துப் பார்த்த 2020 ஆய்வில், ஐந்தில் ஒரு பங்கு படங்களைத் தரம் போதாது என்று அது தள்ளிவிட்டது. வெளிச்சம் சரியில்லாத அறை ஒரு முக்கியக் காரணம். தள்ளப்பட்டவருக்கு வேறொரு நாள், வேறொரு ஊர், ஒரு நாள் கூலி இழப்பு. வத்தல்மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

"தேர்வில் ஏஐ டாக்டர்களையே மிஞ்சிவிட்டதே?" என்று கேட்பார்கள். உண்மைதான். 2024-இல் அமெரிக்காவில் 50 மருத்துவர்களை வைத்து நடந்த ஆய்வில், வழக்கமான வசதிகளோடு நோய் கணித்த மருத்துவர்களைவிட, சாட்ஜிபிடியின் மாதிரிகளில் ஒன்றான ஜிபிடி-4 தனியாக 16 புள்ளிகள் அதிகம் எடுத்தது. ஆனால் அங்கே கொடுக்கப்பட்டவை எழுதி முடித்த கேஸ்கள். என்ன கேட்க வேண்டுமோ அதையெல்லாம் யாரோ ஒரு மருத்துவர் முன்பே கேட்டு, தொட்டுப் பார்த்து, தேவையானதைப் பொறுக்கி எழுதி வைத்திருந்தார். அந்தப் பொறுக்கலே பாதி நோய் கணிப்பு. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,298 சாதாரண மக்களை வைத்துச் செய்த சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. கேஸை முழுதாகக் கொடுத்தபோது ஏஐ மாதிரிகள் 94.9 சதவீதம் நோயைச் சரியாகச் சொல்லின. அதே மாதிரிகளிடம் மக்கள் தாங்களே பேசிக் கேட்டபோது, 34.5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் சரியான நோய் வந்தது. அறிவு உள்ளே இருந்தது. அதை வெளியே கொண்டுவரும் கேள்வி இல்லை.

இந்த மாவட்டங்களுக்கே உரிய உதாரணம் ஃப்ளோரோசிஸ், அதாவது தண்ணீரில் உள்ள அதிக ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய். இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். இந்தியத் தரக் கணக்கில் ஒரு லிட்டரில் 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 மி.கி. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கியது. ஆனால் பத்து, இருபது வருடம் எலும்பில் படிந்தது குழாய் மாறியதும் போய்விடாது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஐம்பது வயது அம்மா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு பிடிக்கிறது, கழுத்து திரும்பவில்லை, கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு வழக்கத்தைவிட வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரிகிறது. ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பேடேஸ் என்ற, எலும்புக் கோளாறில் உயரும் நொதி கூடியிருக்கிறது. ஃப்ளோரோசிஸையே அதிகம் பார்க்காத ஊர்ப் படங்களில் பழகிய மென்பொருளுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் முதலில் தோன்றுவது, வேறு எங்கோ இருக்கும் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது என்பதுதான். அங்கிருந்து எலும்பு ஸ்கேனுக்கு எழுதினால் அதிலும் எலும்பு முழுக்கப் பளிச்சென்று தெரிந்து சந்தேகத்தை இன்னும் கூட்டும். அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனோ 'எலும்பு பலமாக இருக்கிறது' என்று சொல்லும். அந்த எலும்பு உண்மையில் எளிதில் முறியக்கூடியது.

இங்கே பழகிய மருத்துவர் வேறு வழியில் போவார். "ஏம்மா, குடிக்கிறது எந்தத் தண்ணி, சோறாக்குறது எந்தத் தண்ணி?" இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதில் காரணம் இருக்கிறது. குடிக்க ஒகேனக்கல் தண்ணி பிடித்துவிட்டு, களி கிண்டவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணியையே எடுக்கும் வீடுகள் உண்டு. அடுத்து, "பிறந்த ஊர் எது, இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம்?" பல்லில் பழுப்புக் கறை விழுவது பல் உருவாகும் சின்ன வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள். வேறு ஊரில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவருக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும், எலும்பு மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். பல்லைப் படம் எடுத்து ஃப்ளோரோசிஸ் இல்லை என்று சொல்லும் செயலி இவரை விட்டுவிடும். பிறகு மூன்று எளிய சோதனைகள்: தாடையால் நெஞ்சைத் தொடுவது, இரண்டு கையையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோவது, முழங்காலை மடக்காமல் தரையில் கிடக்கும் காசை எடுப்பது. இவை முடியாவிட்டால் முன்கைக்கு ஒரு எக்ஸ்ரே. அங்கே இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. சிறுநீரிலும் வீட்டுத் தண்ணீரிலும் ஃப்ளோரைடு அளவு பார்த்து உறுதி செய்யலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 'இந்த ஊர்க்காரர், முதுகு வலி, ஃப்ளோரோசிஸ்தான்' என்று பழக்கத்தில் எழுதிவிடும் மருத்துவர், 68 வயது ஐயா ஒருவரின் புராஸ்டேட் புற்றுநோயைத் தவறவிடுவார். சிறுநீர் மெல்லப் போகிறதா, ராத்திரி வலியில் தூக்கம் கலைகிறதா, எடை குறைந்ததா என்று கேட்டு, சந்தேகம் இருந்தால் புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். இந்த இடத்தில் 'வேறு என்னவாக இருக்கலாம்?' என்று நினைவூட்டும் துணையாக ஏஐ அருமையாக உதவும். 'பென்னாகரம், இருபது வருஷம் போர் தண்ணி' என்று எழுதிக் கேட்டால் சாட்ஜிபிடி ஃப்ளோரோசிஸையும் சொல்லக்கூடும். ஆனால் இடுப்பு வலிக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் இருப்பதாக அந்த அம்மாவுக்குத் தோன்றாது. தோன்றாததை யாரும் டைப் செய்ய மாட்டார்கள்.

பாம்புக்கடியில் பிரச்சினை வேறு விதம். அங்கே தகவல் கிடைக்கும், ஆனால் அது பொய்யாக இருக்கலாம். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையில், 2 மி.லி. ரத்தத்தைப் புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒருமுறை சாய்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயாக இருந்தாலும், சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியாக இருந்தாலும், விஷம் ஏறாதவர் ரத்தம்கூட உறையாமல் நிற்கும். 'உறையவில்லை' என்று கணினியில் ஏற்றினால் ஏஐ விஷமுறிவு மருந்தைத்தான் சொல்லும். குழாய் எந்தக் குழாய் என்று அதற்குத் தெரியாது. அந்த மருந்தோ சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரும், தேவையில்லாதவருக்குப் போடக்கூடாது.

கட்டுவிரியன் கடி இன்னும் மோசம். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, பல் தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்து உட்காருவார். அதை அப்படியே டைப் செய்தால் வாய்வு, அல்சர் என்றுதான் பதில் வரும். மருத்துவர் கேட்பது, "எங்கே படுத்திருந்தீங்க?" என்பது. பிறகு இமை தொங்குகிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்ப்பார். முதல் பார்வையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மணிக்கொரு முறை திரும்பப் பார்ப்பார். விஷ அறிகுறி தெரிந்தால் முதல் 10 குப்பி விஷமுறிவு மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டு மேலே அனுப்ப வேண்டும். ஒவ்வாமை வந்தால் போட 0.5 மி.கி. அட்ரினலின் ஊசியை முன்கூட்டியே உறிஞ்சிப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அஞ்செட்டி மாதிரி ஓர் இடத்தில், மலைப்பாதையில் ஆம்புலன்சில் மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம் கொடுக்க ஆள் கூடப் போகிறாரா என்பதும் சிகிச்சை முடிவில் சேர்ந்ததுதான்.

பழைய பதிவுகளிலிருந்து கற்பதில் ஒளிந்திருக்கும் ஆபத்தை 2015-இல் வெளியான ஒரு நிமோனியா ஆய்வு காட்டியது. ஆஸ்துமா உள்ளவர்கள் நிமோனியாவில் சாகும் வாய்ப்பு குறைவு என்று கணினி கற்றுக்கொண்டது. உண்மையில் அவர்கள் ஆபத்தானவர்கள் என்று மருத்துவர்கள் உடனே தீவிர சிகிச்சையில் சேர்த்ததால்தான் பிழைத்தார்கள். அந்தக் கணினியை நம்பியிருந்தால் அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

சிகிச்சையின் அளவிலும் இதே கதைதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடிவரும் தன்னார்வலர்கள் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த எண்களை ஏஐயிடம் கொடுத்தால், சுகர் 280, மருந்தைக் கூட்டு என்று சொல்லும். ஏன் 280 என்று கேட்டால்தான், மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு மாதத்துக்கு ஓட்டுகிறார் என்றோ, தகர வீட்டுச் சூட்டில் இன்சுலின் கெட்டுவிட்டது என்றோ தெரியும். தனியாக இருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைக் கூட்டிவிட்டு, அவர் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்தால், சுகர் இறங்கி விடிவதற்குள் உயிர் போகலாம். அவருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8 சதவீதம் இருந்தால் போதும் என்று விடுவதுதான் நல்ல வைத்தியம்.

சட்டமும் இதே பக்கம்தான். 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, ஏஐ தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. பதிவு பெற்ற மருத்துவருக்குத் துணையாக மட்டும் இருக்கலாம்.

பயன்படுத்தும் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏஐயின் பதிலைப் பார்ப்பதற்கு முன்பு உங்கள் கணிப்பை ஒரு வரி எழுதிவிடுங்கள். முதலில் அதன் பதிலைப் பார்த்துவிட்டால், கண் அதற்குச் சாதகமானதையே தேடும். 2025-இல் வெளிவந்த போலந்து ஆய்வில், ஏஐ துணைக்குப் பழகிய மருத்துவர்கள் அது இல்லாமல் பெருங்குடலைப் பார்த்தபோது, கட்டி கண்டுபிடித்த விகிதம் 28.4-லிருந்து 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. கரண்ட் போகும், நெட் போகும். அன்றைக்கும் நோயாளி வருவார்.

நோயாளிகள் ஏஐயைக் கேட்கக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைக்கு விளக்கம் கேளுங்கள், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார் செய்யுங்கள். வயது, ஊர், தொழில், குடிக்கும் தண்ணீர், சமையல் தண்ணீர், சாப்பிடும் எல்லா மாத்திரைகள், எத்தனை நாளாக என்று எழுதினால் பதில் கொஞ்சம் தேறும். வலி மாத்திரை பெயர் மட்டும் அதனிடம் வாங்கி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீரகம் கெட்டால் ஃப்ளோரைடு வெளியேறுவதும் குறையும். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, வாய் கோணுவது, இமை தொங்குவது, பூச்சிமருந்து உள்ளே போனது, பாம்பு கடித்ததாகச் சந்தேகம், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு அல்லது வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் போனில் டைப் செய்து கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.