ஒன்றரை வயதுக் குழந்தையுடன் தீவுப் பயணம்: என்ன கவனிக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது, எடை 11 கிலோ. இன்னும் ஆறு வாரத்தில் ஐந்து நாள் பயணமாக ஒரு வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறோம். நான்கு மணி நேரம் விமானம், அப்புறம் முக்கால் மணி நேரம் வேகப்படகு. கடற்கரையை ஒட்டிய அறை. வாசலிலேயே சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. போன மாதம் அவனுக்குக் காதில் சீழ் பிடித்து மருந்து கொடுத்தோம். விமானத்தில் காது வலிக்குமா? தூங்குவதற்கு மருந்து தரலாமா? கூடுதலாகத் தடுப்பூசி தேவையா? வயிற்றுப்போக்கு, கொசு, வெயில் இவற்றுக்கு என்ன எடுத்துப்போக வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் உண்டு. ஆனால் என்னை யோசிக்க வைத்தது, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த வாசல் குளம்தான். இந்தப் பயணத்தில் உங்கள் மகனுக்கு இருக்கும் பெரிய ஆபத்து அதுவே. காது வலியும் வயிற்றுப்போக்கும் அதற்கு அப்புறம்தான்.

இந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை கனம். குனிந்து எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழுவார்கள், தாமாக எழுந்திருக்கத் தெரியாது. தண்ணீர் முழங்கால் ஆழம் இருந்தாலே போதும். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையைக் காலை அடித்து நம்மைக் கூப்பிடுவதும் இல்லை. சத்தமில்லாமல் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதுவும் குளிக்கும் நேரத்தைவிட, யாரும் குளத்தை நினைக்காத நேரத்தில்தான் அதிகம் நடக்கிறது: பெட்டியைத் திறந்து துணி எடுக்கும்போது, அப்பா பார்ப்பார் என்று அம்மாவும், அம்மா பார்ப்பாள் என்று அப்பாவும் இருக்கும்போது.

முடிந்தால் குளம் இல்லாத அறைக்கு மாற்றிக் கேளுங்கள். நான்கு பக்கமும் வேலியும், தானாக மூடித் தாழ் விழும் கதவும் உள்ள குளமென்றால் பரவாயில்லை. மாற்ற முடியாவிட்டால், கதவின் மேல் பகுதியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டும் தாழ் ஒன்றும், கதவு திறந்தால் ஒலிக்கும் சிறிய அலாரம் ஒன்றும் வாங்கிக்கொண்டு போங்கள். தண்ணீர் அருகில் இருக்கும்போது ஒருவர் மட்டும் பொறுப்பு; "இப்போ நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பார்ப்பவர் கையில் போன் வேண்டாம், குழந்தை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளும் மிதவை வளையங்களும் விளையாட்டுச் சாமான்கள்தான், பாதுகாப்புக் கருவிகள் அல்ல.

இருக்கும் ஆறு வாரத்தில் கணவனும் மனைவியும் குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சிக்கு ஒருமுறை போய் வாருங்கள். நீரில் மூழ்கி மூச்சு நின்ற குழந்தைக்கு முதலில் வாய் வழியாக மூச்சு, அடுத்து நெஞ்சு அழுத்தம் என்பது முறை. தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பதும் வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பதும் நேரத்தை வீணாக்கும், வாந்தி நுரையீரலுக்குள் போகவும் வழி செய்யும். முழுகி எடுத்த குழந்தை தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும், இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது, வழக்கத்துக்கு மாறாகத் தூங்குகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது, போவதற்கு முன் தங்குமிடத்துக்கு ஒரு போன். குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் தீவிலேயே இருக்கிறாரா, இல்லையென்றால் எத்தனை நேரத் தொலைவில்? இரவில் படகு ஓடுமா? மருத்துவச் செலவோடு அவசர இடமாற்றத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? வீட்டில் இருந்தால் "காலை வரை பார்ப்போம்" என்று சொல்லக்கூடிய நிலையில், இருட்டியதும் படகு நிற்கும் தீவில் பிற்பகல் மூன்று மணிக்கே முடிவெடுக்க வேண்டியிருக்கும். கீழே நான் சொல்லும் அபாய அறிகுறிகளை இந்தக் கணக்கோடு சேர்த்தே படியுங்கள்.

இனி காது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் செவிப்பறையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ வீக்கமோ இல்லையென்றால் பறக்கலாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்து இன்னும் மூடாமல் இருந்தால், விமானத்தில் வலிக்காது. காற்று அதன் வழியே போய் வந்துவிடும். ஆனால் காதுக்குள் குளத்து நீரோ கடல் நீரோ போகக் கூடாது. வலி பெரும்பாலும் விமானம் இறங்கும்போதுதான் வரும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் விழுங்கும்போது திறப்பதால், தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே குழந்தையை எழுப்பி, நிமிர்த்தி உட்காரவைத்து, தாய்ப்பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். முழுப் பாட்டிலையும் புறப்படும்போதே கொடுத்துத் தீர்த்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். சளி, அலர்ஜி சிரப்புகளைத் தூங்குவதற்காகக் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. புரோமெதசின் போன்றவை இரண்டு வயதுக்குக் கீழே மூச்சையே அடக்கிவிடக்கூடும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, நான்கு மணி நேரமும் கத்தவைக்கும்.

படகில் வாந்தி வருமோ என்று இந்த வயதில் அதிகம் பயப்பட வேண்டாம். பயண வாந்தி பொதுவாக இரண்டு வயதுக்கு மேல்தான் தொல்லை கொடுக்கும். வேகப்படகின் முன்பகுதி அலையில் தூக்கித் தூக்கி அடிக்கும் என்பதால் பின்பக்கம் உட்காருங்கள். 11 கிலோவுக்குப் பொருந்துகிற, தலையைத் தாங்கும் கழுத்துப் பகுதியும் கால்களுக்கு இடையே பட்டையும் உள்ள உயிர்காப்புச் சட்டை படகில் இருக்குமா என்று முன்னதாகவே கேளுங்கள். பெரியவர்களுடையது தண்ணீரில் கழன்று மேலே போய்விடும்.

தடுப்பூசிக்கு ஆறு வாரம் போதுமான அவகாசம். அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போங்கள். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டாகிவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் முதல் தவணையிலிருந்து 28 நாள் கடந்திருந்தால் இப்போதே போடலாம். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு (கான்ஜுகேட் எனப்படும் இணைப்பு வகை), இன்ஃபுளூயன்சா மூன்றும் இந்த வயதில் போடக்கூடியவை. ஃபுளூ ஊசி முதல்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. ஆகவே தள்ளிப்போட்டால் இரண்டாவது தவணைக்கு நேரமிருக்காது. சில நாடுகள் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். மலேரியா சில தீவுகளில் மட்டும்தான் உண்டு. நீங்கள் போகும் தீவில் இருந்தால், எடைக்கு ஏற்ற தடுப்பு மாத்திரையைக் கிளம்பும் முன்பே தொடங்க வேண்டும். டெங்குவுக்கு இந்த வயதில் தடுப்பூசி கிடையாது.

வயிற்றுப்போக்குதான் வர அதிக வாய்ப்புள்ள நோய். 11 கிலோ உடலில் அரை லிட்டர் நீர் குறைந்தாலே வறட்சி தெரிய ஆரம்பிக்கும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கும், ஒரு லிட்டர் கோடு போட்ட பாட்டில் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் எதற்கென்றால், பாக்கெட்டில் பாதியைக் குத்துமதிப்பாக ஒரு டம்ளரில் கரைப்பதால்தான் உப்பு அதிகமாகி, வறட்சி போவதற்குப் பதில் ரத்தத்தில் சோடியம் ஏறுகிறது. முழு பாக்கெட், முழு லிட்டர். கொதிக்கவைத்து ஆறிய நீரோ மூடி உடைக்காத பாட்டில் நீரோ. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை நீராகப் போனதும் 50 முதல் 100 மி.லி. கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு 5 மி.லி. கரண்டி. பார்க்கச் சின்ன அளவாகத் தெரியும், ஆனால் ஒரு மணி நேரத்தில் 150 மி.லி. உள்ளே போய்விடும். தாகத்தில் குழந்தை டம்ளரைப் பிடுங்கினாலும் மொத்தமாகக் கொடுத்தால் மொத்தமும் வெளியே வரும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். பழச்சாறு, சோடா வகைகள் வேண்டாம். அவற்றின் சர்க்கரை குடலுக்குள் இன்னும் நீரை இழுக்கும். துத்தநாக மாத்திரை 20 மி.கி., தினம் ஒன்று, 10 முதல் 14 நாள், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் தொடர வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தப் பெரியவர்கள் போடும் லோபரமைடு இந்த வயதுக்குத் தரவே கூடாது. வாந்திக்கு ஒண்டான்செட்ரான் தேவையா என்று கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடமே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, மலத்தில் ரத்தம், கரண்டியால் கொடுத்ததும் நிற்கவில்லை, கூப்பிட்டால் சோர்ந்து கிடக்கிறான்: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர்தான்.

வராமல் தடுக்க, பனிக்கட்டி, தோல் உரிக்காத பழம், ஆறிப்போன உணவு ஆகியவற்றைத் தவிருங்கள். பவளப்பாறைப் பகுதியில் பிடித்த சீலா, பெரிய களவா போன்ற மீன்களும் அவனுக்கு வேண்டாம். அவற்றில் சேரக்கூடிய சிகுவாடெரா நஞ்சு எவ்வளவு சமைத்தாலும் அழியாது. கடல் நீரை ஒரு வாய் விழுங்கினால் ஒன்றுமில்லை, ஆனால் விளையாட்டாகக் குடிக்கவிடாதீர்கள்: 100 மி.லி.யில் சுமார் 3.5 கிராம் உப்பு இருக்கிறது.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் அவனுக்கு ஒரு வேளைக்கு 165 மி.கி. வரை, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பானால் 6.5 மி.லி., 250 மி.கி. உள்ளதானால் 3.2 மி.லி. ஊர் மாறி வாங்கும்போது இந்த இரண்டும் மாறிப்போய் மருந்து இரட்டிப்பாவதுண்டு. ஆகவே வீட்டு சிரப்பையும் அதன் அளவுக் குழலையும் கையோடு எடுத்துப் போங்கள். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தொடாதீர்கள். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

டெங்குக் கொசு பகலில் கடிப்பது. அதிகாலையிலும் மாலை இருட்டும் முன்பும் அதிகம். பகல் தூக்கத்துக்கும் கொசுவலை கட்டாயம். கொசு விரட்டும் பூச்சு மருந்தில் டீட் (DEET) என்ற ரசாயனம் 20 முதல் 30 சதவீதம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 10 சதவீதம் என்றால் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். உங்கள் கையில் ஊற்றி, அவனுக்குத் தடவுங்கள். அவன் கை விரல்களில் வேண்டாம், வாயில் வைப்பான். கண், வாய், காயம் அருகிலும் துணிக்கு உள்ளேயும் வேண்டாம். எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய் வகை மூன்று வயதுக்கு மேல்தான். சன்ஸ்க்ரீன் முதலில், அது காய்ந்த பிறகு கொசு மருந்து. இரண்டும் கலந்த க்ரீம்களை வாங்காதீர்கள்: வெயில் பூச்சை இரண்டு மணிக்கொருமுறை போட வேண்டும், கொசு மருந்தை அத்தனை முறை போடக் கூடாது.

வெயிலுக்கு முதல் மருந்து துணி. முழுக்கை நீச்சல் உடை, கழுத்தை மூடும் தொப்பி, காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை நிழல். உடை மூடாத இடத்துக்கு மட்டும் எஸ்.பி.எஃப். 30க்கு மேற்பட்ட துத்தநாக ஆக்சைடு க்ரீம். உடம்பு முழுக்கப் பூசினால் ஒரு தடவைக்கு சுமார் 10 கிராம் ஆகும். 50 கிராம் குழாய் ஐந்து நாளுக்கு ஏன் போதாது என்பது இப்போது புரியும். அந்த நீச்சல் உடை ஜெல்லி மீனுக்கும் ஓரளவு காப்பு. வேர்க்குருவுக்கு பவுடரும் எண்ணெயும் வேண்டாம். தண்ணீர்க் குளியலும் காற்றோட்டமும் போதும். மணலில் வெறுங்காலோடு விட வேண்டாம், நாய் பூனை கழிவில் இருந்து கொக்கிப் புழு தோலுக்குள் புகும். அலை அடித்துப்போகும் ஈர மணல் காய்ந்த மணலைவிட மேல்.

திரும்பி வந்த பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எந்தத் தீவுக்குப் போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். காய்ச்சல் விட்டபோதும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் இருந்தால் அதே நாளில் சேர்க்க வேண்டும். மலேரியா உள்ள தீவாக இருந்தால், மூன்று மாதம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.