நெல்லோடு நெல்லாக நிற்கும் குதிரைவாலிப் புல்லை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: சம்பாவுக்கு நேரடி விதைப்பு செய்து 18 நாள் ஆகிறது. போன வருடம் 2,4-டி களைக்கொல்லி அடித்தும் புல் சாகவில்லை. கதிர் வெளிவந்த பிறகுதான் அது நெல் இல்லை என்றே தெரிந்தது. இந்தமுறை முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா? என்ன மருந்து அடிக்கலாம்?
- திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயி

பதில்: முடியும், இப்போதே. சந்தேகப்படும் பயிரைப் பிடுங்கி, இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தை விலக்கிப் பாருங்கள். நெல்லாக இருந்தால் அங்கே நாக்கு மாதிரி மெல்லிய வெள்ளைச் சவ்வு இருக்கும். அதன் இருபுறமும் மயிரோடு சின்னக் கொக்கிகள் தெரியும். குதிரைவாலிப் புல்லில் இரண்டுமே கிடையாது, அந்த இடம் வெறுமையாக இருக்கும். உயரத்தையும் நிறத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

போன வருடம் தவறவிட்டதற்காக வருத்தப்படாதீர்கள். களை எடுப்பவர் கண்ணுக்குத் தப்பிய செடிதான் விதை விடும். இப்படியே தலைமுறை தலைமுறையாக நெல்லைப் போன்ற புல் மட்டும் வயலில் தங்கிவிட்டது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகைப் புல்லின் மரபணுக்களைப் பார்த்து 2019இல் வந்த ஆய்வு, இந்த வேஷம் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்கிறது.

சரி, மருந்துக்கு வருவோம். 2,4-டி அகன்ற இலைக் களைக்கும் கோரைக்கும்தான் கேட்கும், புல்லை ஒன்றும் செய்யாது. உங்களுக்கு ஏற்றது பிஸ்பைரிபேக் சோடியம் 10% எஸ்.சி. (தண்ணீரில் கலந்து அடிக்கும் திரவ வடிவம்). ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி, சுமார் 120 லிட்டர் தண்ணீரில். புல் 2 முதல் 4 இலையில் இருக்கும்போது அடித்தால்தான் பலன். அதனால் தள்ளிப்போட வேண்டாம். அடிக்கும் முன் தண்ணீரை வடித்து, களை முழுக்க வெளியே தெரியும்படி செய்யுங்கள். அடித்த 2, 3 நாளில் மறுபடி தண்ணீர் கட்டி ஒரு வாரமாவது நிறுத்துங்கள். பலர் மருந்தைச் சரியாக அடித்துவிட்டு இந்தத் தண்ணீரில்தான் கோட்டை விடுகிறார்கள். வயல் காய்ந்தால் அடுத்த முளைப்பு வந்துவிடும்.

மெல்லிய இலையோடு சீலைப்புல் அதிகம் இருந்தால் பிஸ்பைரிபேக் போதாது. அதற்கு சைஹலோஃபாப் பியூட்டைல் வேண்டும். அதோடு 2,4-டியைக் கலந்து அடிக்காதீர்கள், புல்லின் மேல் வேகம் குறைந்துவிடும்.

அடுத்த பருவத்துக்கு: விதைக்கும் முன் வயலை நனைத்து, முளைத்து வரும் களையை 10, 15 நாளில் மேலாக ஒரு ஓட்டு ஓட்டி அழியுங்கள். ஆழ உழுதால் அடியில் கிடக்கும் விதை மேலே வரும். விதைத்த பிறகு, புழுதி விதைப்பு என்றால் பெண்டிமெத்தலின், சேற்று விதைப்பு என்றால் சேஃப்னர் (நெல்லுக்குச் சேதம் வராமல் காக்கும் பொருள்) சேர்ந்த பிரெட்டிலாகுளோர், களை முளைக்கும் முன்பே. வருடா வருடம் ஒரே மருந்தை அடிக்காதீர்கள். பிஸ்பைரிபேக்குக்கு மசியாத குதிரைவாலிப் புல் சில நாடுகளில் ஏற்கெனவே வந்துவிட்டது.

இந்தப் புல் நெல் அறுக்கும் முன்பே முற்றி உதிர்ந்துவிடும், விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். தப்பிய கதிர் கண்ணில் பட்டால் உதிரும் முன் அறுத்துச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள். வரப்பில் போட்டால் திரும்ப வயலுக்கே வரும்.