ஐந்தாவது வட்டம்

வணக்கம் சார்,

என் தம்பியைப் பற்றி எழுதுகிறேன். பி.எஸ்சி. முடித்தவன், வயது 25. 2022, 2024, 2025 என்று மூன்று முறை அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதிவிட்டான், மூன்றிலும் வரவில்லை. கடைசி முறை ஒன்பது கேள்வியில் போய்விட்டது என்கிறான். அதிலிருந்து புத்தகத்தைத் தொடுவதே இல்லை. போனில் தன்னம்பிக்கைப் பேச்சு வீடியோக்கள் பார்க்கிறான். பார்த்த அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை படிப்பான், மறுநாள் மத்தியானம் வரை தூங்குவான். "போதும்டா, ஏதாவது கடைக்கு வேலைக்குப் போ" என்று அப்பா தினமும் சத்தம் போடுகிறார். அம்மா அழுகிறார்.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பக்கத்துத் தெருவில்தான் வீடு. சாயங்காலம் போய் அவனுக்குக் கேள்வி கேட்பேன். இப்போது பாதிக்கு மேல் எனக்கே விடை வருகிறது, அவன் விழிக்கிறான். நீங்களும் இந்தத் தேர்வு எழுதித்தான் வேலைக்குப் போனதாக ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். அவனுக்கு உற்சாகம் வருகிற மாதிரி நாலு வரி எழுதுங்கள் சார். காட்டுகிறேன்.

க.,
மன்னார்குடி

அன்புள்ள க.,

உற்சாகம் வருகிற நாலு வரி என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். உங்கள் தம்பிக்கு அதில் பஞ்சம் இல்லை, போன் நிறைய வைத்திருக்கிறான். அந்தப் பேச்செல்லாம் சோடா மாதிரி. குடித்தவுடன் பெரிதாக ஏப்பம் வரும், பசி அப்படியேதான் இருக்கும்.

முதலில் உங்கள் அப்பாவுக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள். 2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வை எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். கடைசியில் நிரப்பப்பட்ட இடங்கள் பத்தாயிரத்துச் சொச்சம். 2024 ஜூன் 9 தேர்வை எழுதியவர்கள் ஏறத்தாழ 16 லட்சம், இடங்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம். சுமாராக நூற்றெழுபது பேருக்கு ஓர் இடம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தி உட்காரும் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் வேலை. மற்றவர்கள் எல்லாம் சோம்பேறிகளா? 'முயன்றால் முடியும்' என்று சுவரில் எழுதி வைக்கிறவர்கள் யோசிப்பதில்லை, அதைப் படித்துவிட்டுத் தோற்கிற பையன் 'அப்போது நான் முயலவே இல்லை போலிருக்கிறது' என்றுதான் எடுத்துக்கொள்வான். உங்கள் தம்பி படுத்துக் கிடப்பதில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவன் சொல்கிற ஒன்பது கேள்வியைப் பார்ப்போம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், ஆக பதின்மூன்றரை. 300க்குப் பதின்மூன்றரை பெரிய தூரம் இல்லை. ஆனால் அந்த ஒன்பது எவை? கேட்டுப் பாருங்கள். சொல்லமாட்டான். மொத்தம் எத்தனை சரி என்று எல்லோருக்கும் தெரியும். எது போனது, ஏன் போனது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேரிடம் பதில் இருக்காது. என்னிடமும் இருந்ததில்லை.

விடைக்கான வட்டத்தைக் கருப்பாக்குகிற ஓ.எம்.ஆர். தாளில் இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். ஏ, பி, சி, டி போக ஐந்தாவதாக 'ஈ'. அதற்கு அர்த்தம் 'விடை தெரியவில்லை'. இது வந்த கதை தம்பிக்குத் தெரிந்திருக்கும். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய பலர் தரவரிசையில் முன்னால் வந்து நிற்க, சந்தேகம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மறைந்துபோகும் மையால் எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள், பிறகு வேறு யாரோ சரியான விடையை நிரப்பியிருக்கிறார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. அதற்குப் பிறகுதான் எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது, தெரியாவிட்டால் தெரியவில்லை என்பதையே கருப்பாக்கிவிட்டு வா என்று விதி வந்தது. திருட்டைத் தடுக்க வந்த வட்டம் அது. எனக்கு அதன்மேல் தனிப்பிரியம் உண்டு. தனக்குத் தெரியாததைத் தன் கையாலேயே கருப்பு மையில் ஒப்புக்கொள்ளச் சொல்கிற வேறு தேர்வு ஏதும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

தேர்வறையில் அந்த வட்டத்தைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் தெரியாவிட்டாலும் குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டுவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் அதையே செய்கிறார்கள். தெரியாத நாற்பது கேள்விக்குக் குத்துமதிப்பாகப் போட்டால் சராசரியாகப் பத்து தானாகவே சரியாகிவிடும். 'இந்த வாரம் 150 எடுத்தேன்' என்று சந்தோஷமாக மூடிவைத்துவிடுவான். அந்தப் பத்தும் அவன் படித்தவை அல்ல. அடுத்த தேர்வில் அவை காலை வாரும்.

என் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நான் இரண்டு முறை எழுதித் தோற்றேன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஜன்னலோர மேசை என்னுடையது. காலையில் திறந்ததும் போய் உட்கார்ந்தால் மூடும்போது எழுந்திருப்பேன், மாலையில் மறுபடி. ஒரு கைடை ஐந்து முறை படித்தேன். முதல் முறை நீல மையில் அடிக்கோடு, இரண்டாவது முறை சிவப்பு, அப்புறம் பச்சை. கடைசியில் அந்தப் புத்தகத்தில் அடிக்கோடு இல்லாத வரி எதுவும் மிஞ்சவில்லை. அதில் சில விடைகள் தப்பாகவே அச்சாகியிருந்தன. ஐந்து முறை படித்ததால் அந்தத் தப்புகள் எனக்கு மிக உறுதியாகத் தெரிந்திருந்தன! ஊரில் எல்லோரும் என்னை உழைப்பாளி என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எதிர் மேசைக்கு ஓர் அக்கா வருவார். ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். காலை எட்டு மணிக்கு வருவார், ஒன்பதரைக்குக் கடைக்குக் கிளம்பிவிடுவார். தினமும் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். அவர் படிப்பதைவிட எழுதுவதுதான் அதிகம் என்று எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது. நான் இரண்டாவது முறை தோற்ற வருடம் அவர் தேறினார். நூலக அட்டையை ஒப்படைக்க வந்தவரிடம் வெட்கத்தை விட்டு அந்த நோட்டைக் கேட்டேன். நாற்பது பக்க நோட்டு, மூலையெல்லாம் சுருண்டு எண்ணெய்க்கறை ஏறியிருந்தது. அதில் பாடக்குறிப்பு எதுவும் கிடையாது. பழைய வினாத்தாள்களில் அவர் தப்பு செய்த கேள்விகள் மட்டும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் எழுத்து. தெ, கு, அ. தெரியாது, குழப்பம், அவசரம்.

'தெ' என்றால் அந்தப் பாடத்தைப் போய்ப் படிக்கவேண்டும். சுலபம். 'அ' என்றால் 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' என்பதைப் 'பொருந்துவதை' என்று படித்துவிட்டுப் போட்டது. அதற்குப் படிப்பு மருந்தில்லை, கேள்வியின் கடைசிச் சொல்லைப் பேனாவால் ஒருமுறை தொட்டுவிட்டு மேலே போகும் பழக்கம்தான் மருந்து. அக்கா அப்படித்தான் செய்வாராம். 'கு' தான் ஆளைக் கொல்வது. குண்டலகேசி, நீலகேசி இரண்டில் எது ஐம்பெருங்காப்பியம், எது ஐஞ்சிறுகாப்பியம்? நான் ஐந்து முறை படித்தும் தேர்வறையில் மாற்றிப் போட்டவன். அக்காவின் நோட்டில் அதற்குப் பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது: 'நீலகேசி குண்டலகேசிக்குப் பதில் சொல்ல வந்தவள், இளையவள், சிறியவள்.' குண்டலகேசி பௌத்த நூல், அதை மறுக்கப் பின்னால் எழுந்த சமண நூல் நீலகேசி. அந்த ஒரு வரிக்குப் பிறகு இந்த வயது வரை எனக்கு அது மாறவில்லை.

கணக்கிலும் இதேதான். 'கணக்கு நமக்கு வராது' என்று திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளை அப்படியே தாரைவார்ப்பவர்கள் உண்டு. உங்கள் தம்பி சூத்திரமாக மனப்பாடம் செய்கிற ரகம் என்று ஊகிக்கிறேன். அவனிடம் இதைக் கேளுங்கள்: 5,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில், இரண்டு வருடத்தில், தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? சூத்திரம் மறந்திருந்தால் கையைப் பிசைவான். அவனை உங்கள் அம்மாவிடம் அனுப்புங்கள். ஊரில் வட்டிக்கு வாங்கிப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். முதல் வருட வட்டி 400. கூட்டுவட்டிக்காரன் அந்த 400க்கும் இரண்டாவது வருடம் வட்டி போடுவான். 400க்கு 8 சதவீதம் 32. அவ்வளவுதான் வித்தியாசம். 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், அதாவது கேள்விக்கு 54 விநாடி. இது இருபது விநாடியில் முடியும். மிச்சத்தை வேறு கேள்விக்குக் கொடுக்கலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? 2025 வினாத்தாளும் விடைக்குறிப்பும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் ஓ.எம்.ஆர். மாதிரித் தாள் வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவனை உட்காரவையுங்கள். போன் உங்கள் கையில் இருக்கட்டும். விதி ஒன்றே ஒன்று. நிச்சயமாகத் தெரியாத எதற்கும் ஐந்தாவது வட்டம். ஏற்கெனவே எழுதிய தாள்தானே என்பான், பரவாயில்லை, எழுதட்டும். முடிந்ததும் மொத்தத்தைக் கூட்டவேண்டாம். 'ஈ' எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். அறுபது வந்தால் பயப்படாதீர்கள், அவனும் பயப்படக்கூடாது. இனி படிக்கவேண்டியது முழுப் பாடத்திட்டம் இல்லை, அந்த அறுபதும் தப்பான மற்றவையும்தான். நாற்பது பக்க நோட்டு போதும். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவேமாட்டார்கள். அதனால் தமிழில் விழுந்த 'ஈ'க்களை முதலில் எடுக்கட்டும். பாடத்துக்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான பள்ளிப் புத்தகங்களைத் தாண்டி எதையும் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே போனால் பாடத்தைவிட, நாலு பேரோடு உட்கார்ந்து படிக்கிற பழக்கம் கிடைக்கும். அவனுக்கு இப்போது அதுதான் இல்லை.

அப்பா விஷயத்தில் நான் பாதி அவர் பக்கம். கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைக்கு அரை நாள் போகட்டும். ஜவுளிக்கடை அக்கா தேர்வுக்குப் பதற்றமில்லாமல் போனார், தேறாவிட்டாலும் மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போக ஓர் இடம் இருந்தது. எனக்கு அது இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து படித்த எனக்கு அந்த மூன்று மணி நேரத்தில் கை நடுங்கியது, முழு வாழ்க்கையையும் ஒரே தாளில் வைத்தால் நடுங்காமல் என்ன செய்யும்? கூடவே, இன்னும் எத்தனை முறை எழுதுவது என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். நான் சொன்னால் இரண்டு. அடுத்தடுத்த தேர்வுகளுக்கு இடையில் எவ்வளவு காலம் போகும் என்பது நம் கையில் இல்லை. 2019க்குப் பிறகு அடுத்த குரூப் 4 நடக்க ஏறத்தாழ மூன்று வருடம் ஆனது, நடுவில் கொரோனா வந்துவிட்டது. காத்திருந்தவர்களின் வயது காத்திருக்கவில்லை. எல்லை வைப்பதைக் கோழைத்தனம் என்று வீடியோவில் யாராவது சொல்லியிருந்தால் திருக்குறளின் அதிகார வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள், எப்படியும் தேர்வுக்குக் கேட்பார்கள். முயற்சியைப் பேசுகிற ஆள்வினையுடைமை 62ஆவது அதிகாரம். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் நான்கும் 47 முதல் 50க்குள் முன்னாலேயே வந்துவிடுகின்றன.

கடைசியாக ஒன்று. நீங்கள் தம்பிக்காக எழுதிய கடிதத்தில் என் கண்ணில் பட்ட வரி வேறு. 'இப்போது பாதிக்கு மேல் எனக்கே விடை வருகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓ.எம்.ஆர். தாள் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். விண்ணப்பிக்குமுன் தேர்வாணையத்தின் இணையதளத்தில் செய்யவேண்டிய ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். அடுத்த அறிவிக்கை வரும்போது வயது வரம்பு உள்ள பக்கத்தை உங்களுக்காகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.