கம்பம்மெட்டு ஏறும் முன் ஒரு கேள்வி

கேள்வி: கம்பத்தில் வீடு, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம். வாரக்கூலிப் பணத்துடன் சனிக்கிழமைதோறும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் போகிறேன். கைத்துப்பாக்கி உரிமம் இந்த மாதம்தான் கிடைத்தது. சட்டைக்குள் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா? எந்த மாடல் வாங்கலாம்? பெரும்பாலும் வேட்டிதான் கட்டுவேன்.
- தோட்டக்காரர், கம்பம்

பதில்: தம்பி, துப்பாக்கி இருக்கட்டும், முதலில் உரிமத்தை எடுத்து எந்த எல்லைவரை அது செல்லும் என்று எழுதியிருக்கிற இடத்தைப் பாருங்கள். ‘தமிழ்நாடு’ என்று மட்டும் இருந்தால், கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டிய அந்த நிமிடமே உங்கள் இடுப்பில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. தோட்டம் உங்களுடையதுதான், பட்டா உங்கள் பெயரில்தான், இருந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தின்படி அது குற்றம். கேரளத்துக்கும் செல்லும்படி மாற்றித் தரக் கேட்டு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள். மாற்றம் எழுத்தில் கைக்கு வரும்வரை மலைக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். நம் பக்கம் பாதிப் பேருக்கு வீடு கீழே, தோட்டம் மேலே. அதனால் இதை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வேன்.

வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள நினைக்கிறீர்கள். 2016 ஆயுத விதிகளும் அதைத்தான் கேட்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கான உறைக்குள் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெறும் இடுப்பில் செருகுவதும், ஜீப்பின் டேஷ்போர்டில் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்குவதும் கூடாது.

சரி, எது வாங்குவது? துப்பாக்கியைத் தோட்டாவின் அளவை வைத்துச் சொல்வார்கள், .32, .38 என்பது அங்குலக் கணக்கு. நம் நாட்டில் தனியாருக்கு 9 மி.மீ., .38 இரண்டும் கிடையாது. தற்காப்புக்கு என்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் .32-க்குத்தான் வருவார்கள். அதிலும் இரண்டு தோட்டா இருக்கிறது, கடையில் பெயரை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். ரிவால்வருக்கு ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்’, பிஸ்டலுக்கு ‘ஏ.சி.பி.’ ஒன்று மற்றதற்கு ஆகாது.

என் தேர்வு ரிவால்வர். காரணம் சொல்கிறேன். ஆயுதப்படையில் 26 வருடம் துப்பாக்கியைப் பிரித்து, துடைத்து, திரும்ப மாட்டியவன் நான். ஒரு மதியம் கூட வேலை பார்த்த ஒருவர் பிஸ்டலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். தோட்டா அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்தார், காலி என்று நினைத்து விசையை அழுத்தினார். குழலின் பின்பக்க அறைக்குள் ஒரு தோட்டா மீதி இருந்தது. என் காலுக்கு இரண்டு முழம் தள்ளி சிமெண்ட் தரையில் குண்டு பாய்ந்தது. அவர் புதிய ஆள் இல்லை, பத்து வருடம் பழகியவர். மேகசினைக் கழற்றினாலும் பிஸ்டலின் அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்தால்தான் காலியா என்று தெரியும். ரிவால்வரைத் திறந்தால், தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரின் ஆறு அறையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தோட்டா வெடிக்காமல் போனாலும் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் ஜாம் ஆனால் இரண்டு கையும் வேண்டும், பழக்கமும் வேண்டும். வாரம் ஒருமுறை சுட்டுப் பழக உங்களுக்கு இடம் இல்லை, தோட்டாவும் அவ்வளவு கிடைக்காது.

பிஸ்டலுக்கும் ஒரு நல்லது உண்டு. தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் புடைக்காது. வங்காளத்தில் செய்யும் ‘அஷானி’ அந்த ரகம். ரிவால்வரின் சிலிண்டர் பருமனாக இருப்பதால் கொஞ்சம் தள்ளிக்கொண்டுதான் நிற்கும். தளர்வான முழுக்கைச் சட்டை போடுகிறவருக்கு அது பெரிய குறை இல்லை.

ரிவால்வரில் கான்பூரில் செய்வதையே பாருங்கள். பழைய .32 மாடல் நடுவில் மடங்கித் திறக்கும். குழல் மூன்று அங்குலம், எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2014-ல் வந்த ‘நிர்பீக்’ டைட்டானியம் கலவையில் செய்தது, சுமார் அரைக் கிலோ. 2023-ல் வந்த ‘பிரபல்’ 76 மி.மீ. குழலும் 675 கிராம் எடையும் கொண்டது, அதன் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். அதிக தூரம் சுடும் என்று அதைச் சொல்லி விற்பார்கள். உங்களுக்குத் தூரம் தேவையில்லை, ஜீப் கதவுக்கு வெளியே நிற்கிற ஆள்தான் உங்கள் கணக்கு. நாள் முழுக்க இடுப்பில் இருக்கப்போவது எடைதான். அதனால் பணம் இடம் கொடுத்தால் நிர்பீக், இல்லையென்றால் பழைய மாடலே போதும். வெளிநாட்டு வெப்ளி, வால்தர் என்று ஆசை காட்டுவார்கள். தனியார் இறக்குமதி 1980களிலேயே நின்றுவிட்டதால் பழைய சரக்குதான் கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கில் விற்கிறது. உதிரி பாகம் கிடைக்காத பொருளை நம்பி மலை ஏறாதீர்கள்.

கடையில், தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, சுவரை நோக்கிப் பிடித்து விசையை முழுசாக இழுத்துப் பாருங்கள். சுத்தியலைக் கையால் தூக்காமல் இழுக்க வேண்டும். ரிவால்வர் விசை கனமாகத்தான் இருக்கும். உங்கள் ஆள்காட்டி விரலுக்கு அது அடங்கி, குழல் ஆடாமல் நின்றால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பொருந்தும். விலைப்பட்டியலை அப்புறம் பாருங்கள்.

வேட்டி விஷயம். வேட்டி முடிச்சு முக்கால் கிலோவைத் தாங்காது. உறை தொங்கி ஆடினால் எடுக்கிற நேரத்தில் உறையும் சேர்ந்து வரும். வேட்டிக்கு மேல் தடித்த அகல பெல்ட் கட்டி, வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் உறையைப் பொருத்துங்கள். நடு முதுகில் வேண்டாம், கொண்டைஊசி வளைவில் ஜீப் குலுங்கும்போது முதுகெலும்பில் குத்தும். விசையை முழுக்க மூடுகிற உறையாக இருக்கட்டும்.

அப்புறம் துரு. கீழே கம்பத்தில் வியர்வை, மேலே ஆறு மாதம் மழையும் மூடுபனியும். தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இரவு துப்பாக்கியை உறையை விட்டு எடுத்து, எண்ணெய்த் துணியால் குழலையும் சிலிண்டரையும் துடையுங்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கத்து அறையில் வைக்காதீர்கள், புகையும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும்.

ஒன்று மனதாரச் சொல்கிறேன். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த வாரங்களில் இடுப்பு காலிதான். கூலியில் பாதியையாவது வங்கிக் கணக்கில் போடுங்கள். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே வழி என்று போகாதீர்கள். பையைக் கேட்டு நான்கு பேர் மறித்தால் பையைக் கொடுத்துவிடுங்கள். கூலிப் பணத்தை அடுத்த வாரம் திரட்டிவிடலாம்.

கேள்வி: தோட்டத்தில் காட்டுப்பன்றி, சில நாள் யானையும். அதே .32 போதுமா?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: போதாது. .32 ரிவால்வர் குண்டு ஆறு கிராமைச் சற்றுத் தாண்டும், பிஸ்டல் குண்டு ஐந்து கிராம்கூட இல்லை. பன்றிக்குக் காயம் பட்டால் அது திரும்பி உங்கள் மேல்தான் பாயும். யானை பக்கம் நினைக்கவே வேண்டாம். தற்காப்புக்கு வாங்கிய உரிமம் விலங்கைச் சுட அனுமதி ஆகாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். வீட்டில் ஏழு வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளைகள். எனக்குத் தூக்கமே வரவில்லை.
- வாசகி, உத்தமபாளையம்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது, அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாகத் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும். தினமும் ஒரே இடம், ஒரே முறை, பிள்ளைகள் இல்லாத அறை. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். தலையணைக்கு அடியில் கிடையாது, பீரோவில் புடவை மடிப்புக்குள்ளும் கிடையாது. சாவி உரிமம் பெற்ற அவரிடம் மட்டும் இருக்கட்டும், உங்களிடம்கூட வேண்டாம். ஆறு தோட்டா என்றால் ஆறையும் எண்ணி வைக்கச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கிறவரை அன்று யாரும் சாப்பிட உட்கார வேண்டாம். விடுமுறைக்கு உறவுக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், அவர்கள் வருவதற்கு முன்பே பூட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.